முகவரி இல்லாத வலைத்துண்டு

வலைக்காரருக்கு வலி வருகிற நேரங்கள் எல்லாமே சந்தேகத்துக்கு இடம் கொடுப்பவை. ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் கால் வைத்தால் வரும். ஷூ நாடா கட்டக் குனிந்தால் வரும். தும்மினால் வரும். மாமியார் வீட்டு பீரோவை நகர்த்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், பீரோவின் மேல் இன்னும் யாரும் கை வைக்காதபோதே வரும். சோபாவில் ஒருக்களித்துச் சாய்ந்து டீ குடிக்கும்போது மட்டும் வந்ததே இல்லை. ஆள் பார்த்து, வேலை பார்த்து வருகிற வலி என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அவரும் அதே சோபாவில் இருந்தபடி கேட்டுக்கொள்வார்.

வலிக்கிற இடம் வலது பக்கம், வயிறும் தொடையும் சேருகிற மடிப்பு. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு இரும்பு வலைக் கதவைத் தனியாளாகத் தூக்கி, குடல் இறங்கி, ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொண்ட அதே இடம். அங்கே டாக்டர் ஒரு வலை வைத்துத் தைத்திருந்தார். இருபத்தாறு வருஷமாக ஊரார் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிப்பவருடைய வயிற்றுக்குள் இன்னொருவர் வலை அடித்துவிட்டுப் போயிருந்தார். வேலை எப்படி நடந்திருக்கிறது என்று போய்ப் பார்க்க முடியாத இடம் என்பதுதான் வலைக்காரரின் மனக்குறை.

வீட்டின் முன் அறைதான் கடை. சுவரோரம் வலைச் சுருள்கள் நிமிர்ந்து நிற்கும். ஜன்னல் பக்கம் மனைவியின் தையல் மிஷின். கதவுக்குத் தொங்கவிடுகிற வலைக்கு ஓரம் அடிப்பது மனைவியின் பொறுப்பு. மனைவியின் தம்பி, அதாவது மச்சான், அளவெடுப்பான், சுவரில் துளை போடுவான், வண்டி ஓட்டுவான், எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்வான். கடைசி வேலைக்கு யாரும் அவனை நியமிக்கவில்லை.

இவர்கள் தொழிலில் மற்ற கடைகளில் இல்லாத வழக்கம் ஒன்று உண்டு. அது மாதிரி நோட்டு. தடித்த அட்டை போட்ட நீள நோட்டு. எந்த வீட்டுக்கு வலை அடித்தாலும் வெட்டின மிச்சத்தில் ஒரு துண்டை எடுத்து அதில் ஊக்கடித்து வைத்து, பக்கத்தில் முகவரி, அளவு, தேதி எழுதிவிடுவார்கள். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘புகார்’. கொசு வருகிறது என்று யாராவது போன் செய்தால், மச்சான் நோட்டோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பத்தியில் ஒரே ஒரு சொல் எழுதுவான்: உண்மை, அல்லது பொய். இதுவரை பதினோரு நோட்டுகள் நிரம்பியிருந்தன. அத்தனையிலும் சேர்த்து ‘உண்மை’ ஒன்பது இடத்தில் இருந்தால் அதிகம். ஜனங்கள் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஜன்னலைக் குறை சொல்வார்கள் என்பது மச்சானின் கருத்து. வாடிக்கையாளர்களில் ‘கொசு டீச்சர்’ என்று ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஒரே ஜன்னலுக்கு ஆறு முறை புகார் செய்து ஆறு ‘பொய்’ வாங்கியவர்.

அன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் வேலை. மழைக்காலம் வாசல்வரை வந்துவிட்டது. வானம் துவைக்காத போர்வை மாதிரி கிடந்தது. மழை பிடித்துக்கொள்வதற்குள் எட்டு ஜன்னல் முடித்தாக வேண்டும். மச்சான் ஒரு ஏணியின் உச்சியில் இருந்தான். வலைக்காரர் இன்னொரு ஏணியின் மூன்றாவது படியில் நின்றார்.

"மாமா, மேல வாங்க. சட்டத்தோட அந்த முனையைப் பிடிக்கணும்."

"இங்கேருந்தே பிடிக்கறேன்."

"ஜன்னல் ஒன்பதாவது படியில இருக்கு."

"அப்ப ஜன்னல் வச்சவனைக் கேளு."

"வலிக்குதா?"

"இல்ல, காத்து வாங்கறேன்."

மச்சான் திருப்புளியை வாயிலிருந்து எடுத்தான். "முந்தாநேத்து பூனையை விரட்ட மாடி வரைக்கும் ஓடினீங்களே மாமா. நான் கண்ணால பார்த்தேன்."

"ஓடினேன். அப்புறம் படியில அரைமணி நேரம் உக்காந்திருந்தேன். அதை நீ பார்க்கல."

"நான் பார்க்கும்போதெல்லாம் நல்லாத்தான் இருக்கீங்க. அதான் பிரச்சனையே." அவன் சட்டத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொஞ்சம் நிதானித்தான். "கோவிச்சுக்காதீங்க. இந்த மழை முடியட்டும், ஏணிக்கு வேற ஆள் பார்த்துடலாம். நீங்க கடையில உக்காந்து வலை வெட்டிக் கொடுங்க, போதும்."

வலைக்காரர் மூன்றாவது படியிலேயே நின்றார். வலை வெட்டுவதும் வலை அடிப்பதும் ஒன்றா. சட்டத்தின் காடிப் பள்ளத்தில் வலையைப் பரப்பி, ரப்பர்க் கயிறை வைத்து, உருளையால் அழுத்திக்கொண்டே போகும்போது வலை மெல்ல இறுகி ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் இந்தத் தொழிலில் இருந்தார். கடையில் உட்கார்ந்து கத்தரிக்கோலின் சத்தத்தைக் கேட்கவா இருபத்தாறு வருஷம். கை தானாகவே அடிவயிற்று மடிப்புக்குப் போயிற்று.

அந்த நேரம் பின்வாசலில் டீயோடு ஒரு அம்மாள் வந்து நின்றார். அரைக்கைப் பச்சை அங்கி, கலைந்த தலை. ஆஸ்பத்திரியின் சர்ஜன்.

"அங்க கை வச்சிருக்கீங்களே, ஆபரேஷன் ஆன இடமா?" என்றார்.

"ஆமாம்மா. ஹெர்னியா. ஏழு வருஷமாச்சு, இன்னும் வலி."

"ஏழு வருஷமாவா வலிக்குது? யாரும் பார்க்கலையா?"

"நிறையப் பேர் பார்த்தாங்க. ஒருத்தர் வாயுன்னார். ஒருத்தர் வயசுன்னார். ஒருத்தர் வீட்ல ஏதாவது பிரச்சனையான்னு கேட்டார்."

"கடைசி டாக்டர்தான் விஷயம் தெரிஞ்சவர்" என்று ஏணியின் உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது.

சர்ஜன் அண்ணாந்து பார்க்கவில்லை. "வலை வச்சுக்கிட்டவங்கள்ல ரொம்பப் பேர் நல்லாத்தான் இருக்காங்க. கொஞ்சப் பேருக்கு வருஷக்கணக்கா வலிக்கும். வலை சுருங்கலாம், மடங்கலாம், நரம்பைப் பிடிச்சுக்கலாம். நீங்க அந்தக் கொஞ்சப் பேர்ல ஒருத்தரா இருக்கலாம். புதன்கிழமை வாங்க."

வலைக்காரருக்கு விருது கொடுத்த மாதிரி இருந்தது. அண்ணாந்து மச்சானைப் பார்த்தார். மச்சான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை சர்ஜன் அந்த இடத்தில் மரத்துப்போகிற ஊசி ஒன்று போட்டார். இது வைத்தியம் இல்லை, சோதனைதான், சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த வலைக்காரர் மாடிப்படியில் ஏறினார், இறங்கினார், மறுபடியும் ஏறினார். ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார். பிறகு மனைவியின் செருப்பு வாரையும் போட்டுவிடுகிறேன் என்று குனிந்தார். மனைவி மிஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சோபாவில் அவர் நேராக, இரண்டு பக்கமும் சமமாகப் பதிந்து உட்கார்ந்தபோது, இந்த மனிதர் ஏழு வருஷமாக ஒருக்களித்துத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது மனைவிக்கு உறைத்தது. சோபாவின் இடது பக்கம் மட்டும் பள்ளமானதற்குச் சோபா விற்ற கடைக்காரனை அவர் அவ்வளவு காலம் திட்டியிருந்தார்.

"என்னங்க, நிஜமாவே வலிச்சுதா இவ்வளவு நாளும்?" என்றார்.

"பின்ன நாடகமா?"

"நாடகம்னுதான் நினைச்சேன். ஆனா நல்லா நடிக்கறீங்கன்னும் நினைச்சேன்." மனைவி எழுந்துபோய் இரண்டு முட்டை பொரித்துக்கொண்டு வந்து வைத்தார். மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை. முட்டைதான் புழக்கத்தில் இருந்தது.

மச்சான் மட்டும் அசையவில்லை. "ஊசி போட்டா எனக்குந்தான் நல்லா இருக்கும்" என்றான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஊசி தீர்ந்தது. வலைக்காரர் மறுபடியும் இடது பக்கப் பள்ளத்துக்கு இடம் மாறினார்.

அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். வலைக்காரரும் மனைவியும் சர்ஜனுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மச்சான் கதவோரம் நின்றான், வண்டியை எடுக்க வேண்டியிருக்கும் என்ற சாக்கில்.

சர்ஜன் படத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். நெல்லிக்காய் அளவில் ஒரு உருண்டை.

"வலை வைக்கிறதுல ரெண்டு விதம் உண்டு. ஒண்ணு, விரிச்சுப் போட்டுத் தைக்கிறது. இன்னொண்ணு, ஓட்டைக்குள்ள தக்கை மாதிரி செருகி வைக்கிறது. உங்களுக்குத் தக்கை வச்சிருந்தா, இந்த உருண்டை இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு. அப்ப வலிக்கு வேற வழியில தேடணும். விரிச்சுப் போட்டிருந்தா, போட்ட வலை சுருண்டு இப்படி ஆயிருக்கு. அப்ப எடுக்கறதுதான் சரி."

"திறந்து பார்த்துட்டா தெரிஞ்சுடாதா?" என்றார் வலைக்காரர், ஜன்னல் சட்டத்தைச் சொல்வது போல.

"சதையோட ஒட்டி வளந்திருக்கும். எடுக்கறது சாதாரண வேலை இல்ல. திறந்துட்டு அப்புறம் யோசிக்கற பழக்கம் எனக்கு இல்ல. பழைய பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"

பழைய ஆஸ்பத்திரி கொடுத்த ஒரே தாளில் ஒரே வரிதான் இருந்தது: ஹெர்னியா சரிசெய்யப்பட்டு வலை பொருத்தப்பட்டது. அந்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே மெத்தை விற்கிறார்கள். பழைய காகிதங்கள் என்ன ஆயின என்று மெத்தை விற்பவருக்குத் தெரியாது.

வலைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "வலை பொருத்தப்பட்டதுன்னா என்ன அர்த்தம்? என்ன ரகம்னு போட வேண்டாமா? நீளம் அகலம் வேண்டாமா? ஒரு குளியலறை ஜன்னலுக்கு நான் இதைவிட அதிகமா எழுதுவேனே."

"உங்ககிட்ட மட்டுமில்ல, யார்கிட்டயும் இப்ப அந்த விவரம் இல்ல" என்றார் சர்ஜன்.

வலைக்காரர் வெட்கப்படுகிற ஆள் பேசுகிற குரலில் சொன்னார். "என்கிட்ட ஒரு துண்டு இருக்கு."

அந்த ஆபரேஷன் நடந்தபோது முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போக வைத்திருந்தார்கள். நெஞ்சுக்கு முன்னால் துணி கட்டியிருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் வலையில் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தாய்மொழி. படுத்தபடியே, "மிச்சத்தை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். தூக்கிப் போடுவோம் என்றார்கள். "எனக்கு ஒரு துண்டு வேணும், நோட்டுல வைக்கணும்" என்றார். உள்ளே யாரோ சிரித்தார்கள். ஆனால் நர்ஸ் நல்ல மனுஷி. ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் வலைக்காரர் அதை ஐந்தாம் நோட்டில் ஊக்கடித்துத் தேதி எழுதினார். முகவரி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. என்னவென்று எழுதுவது. அளவு அவருக்கே தெரியாது. இரண்டையும் வெறுமையாக விட்டுவிட்டார்.

சர்ஜன் முதல் முறையாக நாற்காலியில் நிமிர்ந்தார். "அந்தத் துண்டைக் கொண்டு வாங்க. ஓரம் வளைஞ்சு வெட்டியிருந்தா விரிச்சுப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். விரிக்கிற வலைக்குத்தான் மூலையை வட்டமா வெட்டுவோம். ஞாபகத்துல இருக்குன்னு சொல்லாதீங்க, நான் கண்ணால பார்க்கணும்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஐந்தாம் நோட்டை இறக்கினார்கள். தூசியைத் தட்டி, பக்கம் பக்கமாகப் புரட்டி, அந்தத் தேதிக்கு வந்தார்கள். தேதி இருந்தது. ஊக்கின் இரண்டு ஓட்டைகள் இருந்தன. துண்டு இல்லை.

மனைவி நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். அவன் அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டிருந்தான்.

"நில்லுடா. எங்க போற?"

"வண்டியை நிழல்ல நிறுத்தலாம்னு."

"வெயிலே இல்ல. துண்டு எங்க?"

மச்சான் சாவியை விரலில் சுற்றினான். "அக்கா, முகவரி இல்லாத துண்டை ஒட்டுப் போட எடுத்துக்கலாம்னு யாரு சட்டம் வச்சது? மாமாதானே வச்சார்?"

அது உண்மைதான். யார் வீடு என்று தெரியாத துண்டு அனாதை, எங்கே கிழிசல் இருந்தாலும் அதற்கு ஒட்டுப் போடலாம் என்பது கடையின் சட்டம். வலைக்காரர் வைத்த சட்டம்.

"அதுக்காக என் வயித்துத் துண்டையாடா எடுப்ப?"

"வயித்துத் துண்டுன்னு அதுல எழுதியிருந்துதா மாமா? வெள்ளையா, மெல்லிசா, கெட்டியா ஒரு துண்டு. நான் என்னத்தைக் கண்டேன்."

"யார் வீட்டுல போட்ட?"

மச்சான் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினான். "அந்த அம்மா வீட்லதான்."

எந்த அம்மா என்று யாரும் கேட்கவில்லை. அவன் குரல் அப்படி இறங்குவது ஒருவருக்குத்தான்.

கொசு டீச்சர் முதல் மாடியில் தனியாக இருந்தார். மூன்று பேரும் போனபோது சாயங்காலம் ஐந்தரை. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் கதவைப் பாதி திறந்து, முதலில் மச்சானையும் பிறகு ஏணியையும் பார்த்தார்.

"ஆறு தடவை கூப்பிட்டேன், ஆறு தடவையும் ஆடி அசைஞ்சு வந்தீங்க. இன்னிக்குக் கூப்பிடாமலே மூணு பேர் வந்திருக்கீங்க. வீட்டை விக்கப் போறேன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல டீச்சர். அந்தப் படுக்கையறை ஜன்னல்ல ஒரு ஒட்டுப் போட்டேனே, அதைக் கொஞ்சம் பார்க்கணும்."

"அதை ஏன் பார்க்கணும்? இந்த வீட்டுல ஒழுங்கா இருக்கிறது அது ஒண்ணுதான்."

போய்ப் பார்த்தார்கள். சாம்பல் நிற வலையின் கீழ் மூலையில், கொக்கி மாதிரி வளைந்த வெள்ளைத் துண்டு, நைலான் நூலால் சுற்றிலும் தைத்திருந்தது. மூன்று வருஷமாக வெயிலையும் மழையையும் பார்த்தும் ஓரம் சுருளாமல், தொய்யாமல், வைத்தது வைத்தபடி இருந்தது. மச்சானுக்குச் சோம்பல் அதிகம் என்பதால் துண்டைச் சதுரமாக வெட்டாமல், வந்த வடிவத்திலேயே வைத்துத் தைத்திருந்தான். வளைந்த ஓரம் அப்படியே இருந்தது. அவன் வாழ்க்கையில் சோம்பல் ஒருவருக்கு உபகாரமாக முடிந்தது அன்றுதான்.

வலைக்காரர் அதைத் தொட்டுப் பார்த்தார். தன் கூடப் பிறந்ததைப் பார்ப்பது போல இருந்தது. "இழுக்காம, கொஞ்சம் இளக்கம் விட்டுத் தச்சிருக்க" என்றார்.

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே. இழுத்து அடிச்சா ஒரு வருஷத்துல சுருண்டுடும்னு." சொல்லிவிட்டு மச்சான் ஒட்டின் ஓரத்தை மறுபடியும் தடவிப் பார்த்தான்.

"டீச்சர், இந்தத் துண்டு எங்களுக்குத் திரும்ப வேணும்" என்றார் மனைவி.

"எதுக்கு?"

மச்சான் ஏணியைச் சுவரில் சாய்த்தான். "அது ஜன்னல் வலை இல்ல டீச்சர். வயித்து வலை."

"யார் வயித்து வலை?"

மச்சான் ஆள்காட்டி விரலைத் திருப்பினான். டீச்சர் வலைக்காரரின் வயிற்றைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி வயிற்றைப் பார்த்தார். "மூணு வருஷமா இதுவழியா வர்ற காத்தைத்தான் நான் சுவாசிச்சிட்டிருக்கேன்."

"உள்ள போனது இல்ல டீச்சர், மிச்சம்தான். சுத்தமானது" என்றார் வலைக்காரர்.

விஷயத்தை முழுசாகச் சொன்னார்கள். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார், கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "ஏழு வருஷமா வலிக்குதுன்னு சொல்லியும் யாரும் நம்பலையா?"

"நம்பல டீச்சர்."

"ஒட்டுப் போட்ட பிறகும் இந்த ஜன்னல்ல கொசு வருதுன்னு நான் ஆறு தடவை சொல்லியும் யாரும் நம்பல." டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "துண்டைத் தாராளமா எடுத்துக்கோங்க. ஆனா முதல்ல மூணு பேரும் இங்க உக்காருங்க. கதவைச் சாத்தறேன். ஜன்னல் கதவைத் திறந்து வச்சு, வலையை மட்டும் மூடி வைக்கறேன். அரைமணி நேரம். கொசு வரலைன்னா நான் பொய் சொல்றேன்னே எழுதிக்கோங்க."

உட்கார்ந்தார்கள். வலைக்காரர் வழக்கம்போல ஒருக்களித்து உட்கார்ந்தார். டீச்சர் பிஸ்கட் கொடுத்தார். தூறல் பிடித்துக்கொண்டு மழையானது. பத்து நிமிஷத்தில் மச்சான் கழுத்தில் பட்டென்று அடித்துக்கொண்டான். அடுத்தது காதில். அதற்கடுத்தது நெற்றியில். மற்ற மூன்று பேரையும் கொசு சீண்டவில்லை. ‘பொய்’ என்று யார் எழுதினது என்பதைத் தெரிந்துகொண்டு வந்த மாதிரி இருந்தது.

"கதவு சாத்தித்தானே இருக்கு?" என்றார் டீச்சர்.

மச்சான் ஏணியைப் போட்டான். சட்டத்தின் மேல்பக்கம், கீழே நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இடத்தில், ரப்பர்க் கயிறு சுருங்கி ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தது. ஆறு முறை வந்தபோதும் அவன் தரையில் நின்றுதான் பார்த்திருந்தான். இடைவெளிக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"என்னப்பா, தெரியுதா?"

"தெரியுது டீச்சர்."

"கடி வாங்கறவளுக்குத் தெரியாதா கடிக்குதுன்னு? எங்கேருந்து வருதுன்னு காட்ட எனக்கு வழியில்ல. அதனால கடிக்கவே இல்லைன்னு ஆயிடுமா?"

மச்சான் கீழே பார்த்தான். நாற்காலியில் வலது பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, கையால் முட்டுக்கொடுத்து, பிஸ்கட்டைப் பாதி கடித்தபடி மாமா உட்கார்ந்திருந்தார். எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். மேலேயிருந்து பார்ப்பது முதல் தடவை.

மச்சான் வழக்கம்போலக் கையோடு கொண்டுவந்திருந்த நோட்டை டீச்சர் கேட்டு வாங்கினார். ஆறு ‘பொய்’யையும் மச்சான் அடித்துத் திருத்தப் போனான். "அடிக்காதே. பக்கத்துல எழுது. தப்பும் தெரியணும், சரியும் தெரியணும்" என்றார். அவன் ஆறு தடவை ‘உண்மை’ என்று எழுதினான். கையெழுத்து நன்றாக இல்லை என்று நாலாவதை மறுபடியும் எழுதச் சொன்னார்.

வெள்ளைத் துண்டை நூல் பிரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது ஒட்டு வைத்து, மேலே ரப்பரை மாற்றிவிட்டுத் திரும்பினார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் வேகத்தடை வந்தபோது மச்சான் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் குறைத்து, முட்டையை உருட்டுவது போல ஏற்றி இறக்கினான். ஏழு வருஷத்தில் அவன் அந்த வேகத்தடையை மதித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சர்ஜன் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வளைந்த ஓரத்தில் விரலை ஓட்டினார். "விரிச்சுப் போட்டதுதான். அப்ப உள்ள இருக்கிற உருண்டை, சுருண்ட வலை. எடுத்துடலாம்." பிறகு நல்லது கெட்டது இரண்டையும் சொன்னார். நரம்பு ஒன்றை வெட்ட வேண்டியிருக்கலாம், தொடைப் பக்கம் கொஞ்சம் மரத்துப்போகும். ஹெர்னியா மறுபடி வரலாம். வலி முழுசாகப் போகும் என்று சத்தியம் பண்ண முடியாது. பாதிக்கு மேல் குறையும் என்று நம்பலாம்.

மனைவி கணவரைப் பார்த்தார். அவர் வேறொரு யோசனையில் இருந்தார்.

"திரும்பவும் வலை வைப்பீங்களாம்மா?"

"இல்ல. சதையையே சேர்த்துத் தைக்கப் போறேன்."

"இழுத்துத் தைக்காதீங்க. கொஞ்சம் இளக்கம் விட்டுத் தைங்க."

"சரி" என்றார் சர்ஜன், சிரிக்காமல். சிரித்தால் தொழிலை மதிக்காத மாதிரி ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த முறை முழு மயக்கம் கொடுத்தார்கள். கத்தரிக்கோலின் சத்தத்தைக் கேட்க முடியாமல் போனதில் வலைக்காரருக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஒன்றரை மணி நேரம் என்று சொன்னது மூன்று மணி நேரமாயிற்று. வராந்தாவில் மனைவி கையில் இருந்த கைக்குட்டையின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். மச்சான் கருத்து எதுவும் சொல்லாமல் நடந்துகொண்டிருந்தான். அது மனைவியை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது.

சர்ஜன் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி, ஒரு சின்னப் பாட்டிலைக் காட்டினார். அதற்குள் சுருண்டு, மடங்கி, இறுகி, மென்று துப்பின சூயிங்கம் மாதிரி ஒன்று கிடந்தது. அங்கங்கே வலையின் கண்கள் தெரிந்தன. மச்சான் பாட்டிலை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். வலை விஷயத்தில் அவனுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எந்தப் பக்கம் முதலில் மடங்கியிருக்கும், எப்படி இழுத்திருக்கும், எல்லாம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

வலைக்காரர் கண் விழித்தபோது கட்டிலின் ஓரத்தில் அவன்தான் இருந்தான்.

"மாமா" என்றான்.

"ம்."

"இதை உள்ள வச்சுக்கிட்டா பூனையை விரட்ட ஓடினீங்க?"

"ஓடித்தான் பார்த்தேனே" என்றார் வலைக்காரர், வாய் குழறியபடி. "பூனைதான் தப்பிச்சிடுச்சு."

மூன்று மாதம் கழித்து வலைக்காரர் ஒன்பதாவது படி ஏறினார். கொசு டீச்சர் வீட்டு ஜன்னலுக்குத்தான், முழுசாகப் புது வலை. டீச்சர் தெருவில் நின்று படிகளை எண்ணினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு மச்சான் நின்றான். உருளையை ஓட்டியபோது வலை மெல்ல இறுகி, அந்தச் சத்தம் வந்தது. வலி முழுசாகப் போய்விடவில்லை. மழைக்கு முன்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், பழைய குடித்தனக்காரர் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்க வருவது போல. தொடையில் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போயிருந்தது. அந்த இடத்தில் கொசு கடித்தாலும் தெரிவதில்லை. கொசுவலைக்காரருக்கு அது கௌரவம்தான் என்றார் மனைவி.

வயிற்றிலிருந்து எடுத்த வலையில் சோதனைக்கு அனுப்பினது போக மீதித் துண்டு ஒன்றை, சுத்தம் செய்து, உறையில் போட்டு, சர்ஜன் கொடுத்திருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஐந்தாம் நோட்டை இறக்கி, பழைய ஊக்கின் ஓட்டைகளுக்கு மேலேயே வைத்து வலைக்காரர் ஊக்கடித்தார். பக்கத்தில் அந்த வெள்ளைத் துண்டையும் சேர்த்தார். பிறகு பேனாவை எடுத்து, ஏழு வருஷமாக வெறுமையாகக் கிடந்த இடத்தில் எழுதினார்: சொந்த வயிறு, வலது பக்கம், கீழ்த்தளம்.

மச்சான் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கடைசிப் பத்தியில் ‘உண்மை’ என்று எழுதினான். டீச்சர் பார்த்துவிடக்கூடும் என்பது போலக் கையெழுத்தை நிதானமாக வைத்தான்.

"ஏழு வருஷம் தாமதம்னு சேர்த்து எழுது" என்றார் மிஷினில் இருந்த மனைவி.

"அதுக்குப் பத்தி இல்லக்கா."

மனைவி முட்டை பொரிக்க எழுந்தார். அப்போது போன் அடித்தது, எடுத்தார். மாமியார். பீரோவை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவருக்கு நகர்த்த வேண்டும், மழைச்சாரல் படுகிறது, மாப்பிள்ளைக்கு இப்போது குணமாகிவிட்டதாமே, நாளைக்கு வந்தால் நல்லது என்றார். வலைக்காரர் போனை வாங்க எழுந்தார். அதற்குள் மச்சான் முந்திக்கொண்டு போனை வாங்கித் தன் அம்மாவிடம் பேசினான்.

"இல்லம்மா, மாமாவால முடியாது. வலி அப்படியேதான் இருக்கு. உனக்கு எப்படிம்மா தெரியும்? கூட இருக்கிற எனக்குத் தெரியாதா? கண்ணால பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

வலைக்காரர் சோபாவில் திரும்ப உட்கார்ந்தார், நேராக, நட்ட நடுவில். டீயைக் கையில் எடுத்துக்கொண்டார். மச்சான் சொன்ன அந்த ஒரு புகாரை மட்டும் யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.